வெள்ளைக் கல்லும் வண்ணக் கல்லும்

(சித்தேரியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

"உன் தொழிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுப்பா, ஆனா கடை விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது" என்று நம் செயலாளர் நிபந்தனை போட்டார். எனக்குக் கடையே கிடையாது. நகையில் இருக்கிற கல்லைப் பார்த்து இன்ன கல் என்று சொல்வதும், அதன் மதிப்பைக் கணிப்பதும்தான் என் பிழைப்பு. விற்கவேண்டிய பொருள் கையில் இல்லாததால் உள்ளதை உள்ளபடி பேசலாம். தலைப்பு, வைரத்தையும் வண்ணக் கற்களையும் சேர்த்து நகை செய்வது. கல்யாணம் என்று வந்துவிட்டால் நாம் பெரிய தொகையை இதில்தான் போடுகிறோம். ஆனால் ஒரு மிக்ஸி வாங்கும்போது கேட்கிற கேள்விகளில் பாதியைக்கூட இங்கே கேட்பதில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

அரூரிலிருந்து இந்தச் சித்தேரி மலைக்கு ஏறி வந்து வைரத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கலாம். வைரம் இங்கே கிடையாது, உண்மைதான். ஆனால் வண்ணக் கல்லின் கதையை ஆரம்பிக்க இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மாணிக்கமும் நீலமும் இரண்டு தனித்தனிக் கற்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும், இரண்டும் ஒரே அலுமினியம் ஆக்ஸைடுதான். அதில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இந்தக் கனிமத்துக்கு உலகம் முழுக்க வழங்குகிற பெயர் கொரண்டம். அந்தப் பெயர் எங்கிருந்து போனது தெரியுங்களா? நம்முடைய "குருந்தம்" என்ற சொல்லிலிருந்து! ஆங்கில அகராதிகளே அதைத் தமிழ்ச் சொல் என்று குறிப்பிடுகின்றன.

அந்தக் குருந்தம் நம் மாவட்டத்திலேயே பாப்பாரப்பட்டி பக்கத்தில் கிடைத்த கல். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரி தனி மாவட்டம் ஆகும்வரை இதெல்லாம் சேலம் மாவட்டம். அதனால் பழைய புவியியல் அறிக்கைகளில் சேலம் குருந்தம் என்றே எழுதியிருப்பார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இன்னும் பெயர் பெற்ற இடம். அங்கே குருந்தத்தோடு சேர்ந்து கிடக்கிற அனார்த்தசைட் என்கிற வெள்ளைப் பாறையைப் பொடித்துத்தான், சந்திரயான்-2 திட்டத்துக்காக நிலவின் மண்ணைப் போன்ற மண்ணை நம் விஞ்ஞானிகள் தயாரித்தார்கள். இந்தக் குருந்தத்தில் பெரும்பகுதி ஒளி புகாத முரட்டுக் கல். அதை இடித்துப் பொடியாக்கி, அரக்கில் கலந்து சாணைக்கல் செய்தார்கள். கத்தி தீட்டவும், மற்றக் கற்களுக்குப் பட்டை போடவும் அது பயன்பட்டது. கிரீடத்தில் ஏறுகிற மாணிக்கமும் கத்தி தீட்டுகிற சாணையும் ஒரே குடும்பம் என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கரூர், காங்கேயம் வட்டாரம். காங்கேயத்துக்கு அருகே உள்ள படியூரின் கடல்நீல நிறப் பெரில் கல் பழங்காலத்திலேயே கடல் கடந்து போனது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிற கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், நீலம், பெரில், பளிங்கு முதலிய கற்களில் மணி செய்த தொழிற்கூடத்தின் தடயங்கள் கிடைத்தன. ஆக, வண்ணக் கல் நம்ம ஊர்க்காரன்.

வைரமோ வடக்கே இருந்து வந்தவன். 1720-களில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரையில் உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியாதான். அதிலும் கிருஷ்ணா நதிப் படுகைதான் முக்கியம். அந்தச் சரக்கு கோல்கொண்டா சந்தை வழியாகப் போனதால் கோல்கொண்டா வைரம் என்று பெயர். இன்றும் ஆந்திராவில் வஜ்ரகரூர், ஜொன்னகிரி பக்கத்து நிலங்களில் முதல் மழை பெய்து மண் கழுவிப் போனதும், ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து குனிந்து வைரம் தேடுவதைச் செய்தித்தாளில் பார்க்கிறோம்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்துத் தரம் பிரித்த அறிவு தமிழனுக்கு நெடுங்காலமாக இருந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிப் பார்க்கிற ஊர்காண் காதையில் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. வைரத்தில் என்னென்ன குற்றம் இருக்கும், மரகதத்தில் என்ன, மாணிக்கத்தில் என்னென்ன வகை என்று ஒரு மதிப்பீட்டாளரைப் போல இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். வைரத்துக்குள் காக்கைக் கால் போலத் தெரியும் கீறலை இன்றைக்கும் நாங்கள் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்துத் தேடுகிறோம்.

அதைவிட முக்கியம், அந்தக் காப்பியத்தின் வழக்கே ஒரு கல் வழக்குத்தானே? அரசியின் சிலம்புக்குள் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்புக்குள் இருந்தது மாணிக்கம். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. உடைத்துப் பார்த்தபிறகுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. பொன்னை மட்டும் பார்த்து, உள்ளே இருக்கிற கல்லைப் பார்க்காமல் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

சரி, சேர்க்கைக்கு வருவோம். நம் தென்னாட்டு நகையில் பழைய முறை, கல்லைப் பொன்னுக்குள் பொதிந்து பின்பக்கத்தை மூடிவிடுவது. கல்லுக்குக் கீழே மெல்லிய தகடு வைப்பார்கள். உள்ளே போன வெளிச்சம் அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பும்போது கல் உள்ளிருந்து எரிவதுபோலத் தெரியும். பரதநாட்டிய நகைகளில் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை எல்லாவற்றிலும் சிவப்புக் கெம்பும் பச்சையும் வெள்ளையும் சேர்ந்து வரும். நாகர்கோவிலை ஒட்டிய வடசேரி இந்தக் கோயில் நகைகளுக்குப் பேர்போனது. அகல்விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்க்கச் செய்த நகை அது. சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வைத்தால்தான் கோடு பிரிந்து, அன்னம் அன்னமாகவும் பூ பூவாகவும் தெரியும்.

வைரத்தைத் தனியாகப் போட்டது ஏழு கல் தோடும் எட்டுக் கல் பேசரியும். பழைய குடும்பங்களில் "எங்க பாட்டி தோடு ப்ளூ ஜாகர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோண்டைன் என்ற சுரங்கத்தின் பெயர். லேசாக நீலம் ஓடுகிற வெள்ளை வைரத்துக்குப் பெயர் பெற்ற அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கு யாராவது "புது ப்ளூ ஜாகர்" என்றால், அது நிறத்தைக் குறிக்கிற வியாபாரப் பெயர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டு, சின்னச் சின்ன நகங்களால் கவ்விப் பிடிக்கிற ஓப்பன் செட்டிங் பிறகு பரவியது. 1886-இல் அமெரிக்காவின் டிஃபனி நிறுவனம் ஆறு நகங்கள் வைரத்தைத் தூக்கிப் பிடிக்கிற மோதிரத்தைக் கொண்டுவந்தது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் நுழைந்ததால் வைரம் தன் முழு ஆட்டத்தையும் ஆடியது. அதிலிருந்து ஒரு கேள்வியும் பிறந்தது. இவ்வளவு மின்னுகிற கல்லை வண்ணக் கல் பக்கத்தில் வைத்தால், யாரை யார் அமுக்கிவிடுவது?

இதற்குப் பதில் வெளிச்சத்தில் இருக்கிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. மாணிக்கத்துக்கு 1.76, மரகதத்துக்கு 1.57 அளவு. வைரம் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடித்துச் சிதறவிடும். வண்ணக் கல் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியை நிறமாகக் காட்டும். ஒன்று பேசுகிற கல், ஒன்று பாடுகிற கல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டையும் சம அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சில் பாட்டு கேட்காது. ஆகவே தொழில் தெரிந்தவர் ஒருவரைத் தலைவராக்கி, மற்றவரைத் துணைக்கு நிறுத்துவார். வண்ணக் கல் நடுவில் பெரிதாக, வைரம் சுற்றிலும் பொடியாக என்பதுதான் காலங்காலமாக நிலைத்த சேர்க்கை. 1981-இல் இங்கிலாந்து இளவரசி டயானா அணிந்த நிச்சயதார்த்த மோதிரத்தில் 12 காரட் இலங்கை நீலத்தைச் சுற்றி 14 வைரங்கள். அதே மோதிரம் 2010-இல் மருமகள் கேட் கைக்கு வந்தது. உலகமே பார்த்த அந்த மோதிரத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது நீலம்தான். வைரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது என்று அர்த்தம்.

இன்னொரு கணக்கும் உண்டு. பக்கத்தில் வெள்ளை இருந்தால் கண் அதை வைத்து நிறத்தை அளக்கும். சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரியும். ஆனால் அந்த வெள்ளையே மஞ்சள் ஓடியதாக இருந்தால்? வைரத்தின் நிறத்தை டி என்ற எழுத்திலிருந்து இசட் வரை தரம் பிரிக்கிறார்கள். டி என்றால் நிறமே இல்லாதது. எழுத்து தள்ளத் தள்ள மஞ்சள் கூடும். மஞ்சள் பொன்னில் மாணிக்கத்தோடு வைக்கிற பொடி வைரத்துக்கு முதல் தரம் தேவையில்லை. ஐ, ஜே நிறம் என்றாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, செலவு குறையும். அதே கல்லை வெள்ளைப் பொன்னில் நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மஞ்சள் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அங்கே கொஞ்சம் நல்ல நிறம் வேண்டும். கடையில் "எல்லாத்துக்கும் டாப் கலர்தாங்க போடணும்" என்றால், எதற்காக என்று கேளுங்கள்.

கல்லை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். மாணிக்கம் மஞ்சள் விளக்கில் ஜொலிக்கும். ஆழ்ந்த நீலம் அதே விளக்கில் கறுத்துப்போகும். கடைக்காரர் விளக்கு கடைக்காரருக்காகத்தான் எரிகிறது. நகையை ஒரு நிமிஷம் வாசல் பக்கம் கொண்டுபோய் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது உங்கள் உரிமை.

இன்னொரு விஷயம், காரட். தங்கத்துக்கு 22 காரட் என்றால் அது தூய்மை. கல்லுக்கு 1 காரட் என்றால் அது எடை, 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்குதான் வைரக் கடையில் சொல்கிற சென்ட். எடை ஒன்றாக இருந்தாலும் கல்லின் அளவு ஒன்றாக இருக்காது. மாணிக்கத்தின் அடர்த்தி 4, வைரத்துக்கு 3.52, மரகதத்துக்கு 2.7 அளவு. அதனால் ஒரு காரட் மரகதம் ஒரு காரட் மாணிக்கத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பருமனாக இருக்கும். ஜோடி சேர்க்கிறவர் காரட்டை மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் தோட்டில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று ஆகிவிடும். மில்லிமீட்டர் அளவைக் கேட்டு வாங்கவேண்டும்.

அடுத்தது குணப் பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் கல்லுக்கு இரண்டு பொருத்தமாவது பார்க்கவேண்டாமா?

முதல் பொருத்தம் கடினம். மோஸ் அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9, மரகதம் ஏழரைக்கு மேல், பளிங்கு 7, பவளமும் முத்தும் மூன்று நாலு. நம் வீட்டுத் தூசியில் இருக்கிற மணல் துகள் பளிங்குதான், அதாவது 7. அதற்குக் கீழே உள்ள எந்தக் கல்லையும் துணியால் அழுத்தித் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடலாம். நவரத்தின மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாணிக்கம், சுற்றிலும் வைரம் உள்பட எட்டுக் கற்கள். வருஷக்கணக்கில் போட்டபிறகு வைரம் புதிதாகவே இருக்கும், முத்து மட்டும் வயசாகிப் போயிருக்கும். ராசி பார்த்துப் போடுவது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. சமையல் வேலை, வயல் வேலைக்கு அதைக் கழற்றி வையுங்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். பெட்டியில் வைக்கும்போதும் வைர நகையையும் மற்ற நகையையும் ஒரே பஞ்சில் சுற்றாதீர்கள். வைரம் மற்ற எல்லாவற்றையும் கீறிவிடும்.

இரண்டாவது பொருத்தம் குளிப்பாட்டுவது. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை ஒட்டுகிற குணம் உண்டு. சுரங்கங்களிலேயே கிரீஸ் தடவிய மேஜைமேல் கல் கலந்த தண்ணீரை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்கிற வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிற நம் வீட்டுப் பெண்களின் தோடு அதனால்தான் சீக்கிரம் மங்குகிறது, கழுவினால் மறுபடி சிரிக்கிறது. ஆனால் அதே நகையில் மூடிய வேலைப்பாட்டில் கெம்பு இருந்தால், தண்ணீர் உள்ளே புகுந்து தகடு கறுத்துவிடும். மரகதத்தின் வெடிப்புகளை மறைக்க எண்ணெய் ஏற்றுவது உலக வழக்கம். அதை அல்ட்ராசானிக் இயந்திரத்தில் போட்டால் எண்ணெய் வெளியேறி வெடிப்பு தெரியும். முத்தும் பவளமும் சுண்ணாம்பு இனம், எலுமிச்சைச் சாறு பட்டால் அரிக்கும். ஆகவே கலந்த நகைக்கு மிருதுவான பிரஷ், லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி, உடனே துடைப்பது, அவ்வளவுதான். பத்தரிடம் பற்றவைக்கக் கொடுத்தால், "மரகதத்தைக் கழற்றிட்டுப் பத்தவைங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நெருப்புக்கு வைரம் ஓரளவு ஈடுகொடுக்கும், மரகதம் கொடுக்காது.

இனி, கல் அசலா என்ற கேள்வி. இங்கே மூன்று வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ளவேண்டும். ஒன்று, மண்ணில் விளைந்த கல். இரண்டு, மனிதன் ஆய்வுக்கூடத்தில் விளைவித்த அதே கல். மூன்று, பார்க்க அதைப் போலிருக்கிற வேறு பொருள். பிரான்சைச் சேர்ந்த வெர்னாய் என்ற வேதியியல் அறிஞர் நெருப்புச் சுடரில் அலுமினியம் ஆக்ஸைடு பொடியை உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை 1902-இல் அறிவித்தார். அதற்குப்பிறகு சிவப்புக் கல் ஏழைக்கும் எட்டியது. நம் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகவே வளர்ந்து, பல ஆயிரம் வீடுகளுக்குச் சோறு போட்டது. வெளிநாட்டு இயந்திரக் கல் வந்து குவிந்ததும் பல குடும்பங்கள் அந்தச் சக்கரத்தை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போயின. நாம் அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்வது வைரமே அல்ல, கியூபிக் ஸிர்கோனியா என்கிற வேறு பொருள். சேலம் கொலுசில் சிவப்போடு சேர்ந்து மின்னுகிற வெள்ளைக் கல் அதுபோன்றதுதான். அதில் தப்பே இல்லை. அழகுக்கு அழகு, கொடுத்த விலையும் அதற்கேற்ற விலை. பெயரை மாற்றி விற்கிறபோதுதான் தப்பு ஆரம்பிக்கிறது.

ஆய்வுக்கூட வைரம் வேறு சங்கதி. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அதைச் செய்துகாட்டினார்கள். அது வேதியியல்படி அசல் வைரம்தான். கடையில் பேனா மாதிரி வைத்து "பீப்" என்று சத்தம் காட்டுகிற கருவி அதற்கும் அப்படியேதான் சத்தம் போடும். 2023-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் இதற்கான ஆராய்ச்சிக்கு அரசு உதவி அறிவித்து, சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இயற்பியல், வேதியியல் படிக்கிற மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இது உங்களுக்கு ஒரு வாசல். வாங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளவேண்டியது வேறு. இந்த வைரத்தின் விலை சில வருஷங்களில் வெகுவாக இறங்கிவிட்டது. சுற்றிலும் வைக்கிற பொடி வைரத்துக்கு இது நல்ல சிக்கனம். ஆனால் மண்ணில் விளைந்த கல்லின் விலை கொடுத்து இதை வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வண்ணக் கல்லில் பயப்படவேண்டியது கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது. வெடிப்பு நிறைந்த மட்டமான குருந்தத்தில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஏற்றிவிடுவார்கள். வெறும் கண்ணுக்கு முதல் தரம். லென்ஸில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழியும் நீலப் பளபளப்பும் தெரியும். எலுமிச்சைச் சாறோ பத்தரின் நெருப்போ பட்டால் போச்சு. வெறும் சூடு மட்டும் காட்டி நிறம் ஏற்றிய மாணிக்கமும் நீலமும் வேறு, அது நிலையானது, சொல்லிவிட்டு விற்றால் உலகம் ஒப்புக்கொள்கிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? சில வருஷங்களுக்கு முன்னால் இந்த மலைப்பக்கத்து அம்மா ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டவேண்டும். தினை, சாமை விற்றும் ஆடு விற்றும் சேர்த்த பணத்தில், மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஆரம். சிவப்பும் வெள்ளையும் கலந்த வேலை, பார்க்க அருமையாக இருந்தது. "தம்பி, வாங்குறப்ப மாணிக்கம், வைரம்னுதான் சொன்னாங்க. இப்ப விக்கப் போனா கல்லுக்கு ஒண்ணும் கிடையாதுங்கறாங்க. நீயே பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். சிவப்பு கண்ணாடி நிரப்பிய கல். வெள்ளை ஸிர்கோனியா. பில்லை வாங்கிப் பார்த்தால் "கல் ஆரம்" என்று ஒரே வரி. என்ன கல், எத்தனை காரட் என்று ஒரு எழுத்து இல்லை. கேஸ் போடலாம் என்றால் எதை வைத்துப் போடுவது? தங்கத்துக்கான பணம் மட்டும் கையில் வந்தது. பையன் அந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். ஆனால் அக்காவின் ஆரம் போய்விட்டது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி, அதுல எழுதலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" படித்த நாம் எழுதி வாங்குவதில்லையே, நமக்கு என்ன பதில்?

ஒரு சின்னக் கணக்கு. ஆரம் மொத்தம் 40 கிராம், அதில் கல் 25 காரட் என்று வையுங்கள். 25 காரட் என்றால் 5 கிராம். தங்கம் 35 கிராம்தான். மொத்த எடைக்கும் தங்க விலை போட்டுவிட்டு, கல்லுக்குத் தனியாகவும் விலை போட்டால், அரைப் பவுனுக்கு மேல் காற்றுக்குப் பணம் கொடுக்கிறோம். செய்கூலி, சேதாரமும் அந்தக் கூடுதல் எடைமேல் ஏறும். ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே என்பீர்கள். 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண்ணோடு வருகிற அந்த முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான் சாட்சி. கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. அவசரத்துக்கு அடகு வைக்கப் போனாலும் கல்லைக் கழித்துத்தான் கணக்கு. கல்லின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நெறிமுறையிலும் தெளிவாகவே இருக்கிறது.

அப்படியானால் கல் நகையே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். என் சோறே அதுதான்! அழகுக்கு வாங்குகிற பணம் வேறு, ஆபத்துக்கு உதவும் என்று சேர்க்கிற பணம் வேறு. இரண்டையும் ஒரே நகையில் தேடாதீர்கள். ஆபத்துக்கு என்றால் கல் இல்லாத தங்கம். அழகுக்கு என்றால் நன்றாகப் பொருந்திய வைரமும் வண்ணக் கல்லும், நம் சக்திக்குள்.

வாங்கும்போது பில்லில் ஐந்து விஷயம் எழுதச் சொல்லுங்கள். மொத்த எடை. கல்லின் எடை. தங்கத்தின் நிகர எடை. ஒவ்வொரு கல்லின் பெயர், அது மண்ணில் விளைந்ததா ஆய்வுக்கூடத்ததா என்ற விவரம். கல்லுக்கு எண்ணெய், கண்ணாடி, சூடு ஏதாவது செய்திருக்கிறதா என்பது. பெரிய கல் என்றால் ஆய்வுக்கூடச் சான்றிதழும் கேளுங்கள். நேர்மையான வியாபாரி சந்தோஷமாக எழுதிக்கொடுப்பார். அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நீங்கள் கேட்பதுதான் பலம். எழுதமாட்டேன் என்பவரிடம் வாங்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்கள் ஊரில் படிக்காத அம்மாவோ அத்தையோ நகை வாங்கப் போகும்போது கூடப் போங்கள். அந்தப் பில்லை நீங்கள் படித்துப் பாருங்கள். குருந்தம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த மண் இது. அந்தக் குருந்தத்தின் பெயரால் இந்த மண்ணின் பிள்ளைகளையே ஏமாற்ற விடக் கூடாது. நாம் பெற்ற பட்டத்துக்கு ஒரு அர்த்தம் இருக்குமானால், அது இதுபோன்ற சின்னச் சின்ன இடங்களில்தான் இருக்கிறது.